நிறுத்தம்

வண்டி ஓடும்வரை எனக்கு நோய் இல்லை.
குஞ்சப்பணை தாண்டி ஏறும்போது
கம்பியைப் பிடித்த எல்லாக் கையும் ஆடும்,
கேரட் மூட்டை ஆடும்,
டிரைவர் போஜனின் கன்னம் ஆடும்,
கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழம் ஆடும்.
அந்தக் கூட்டத்தில் என் வலது கையும்
சீட்டு வாங்கிய ஆள் மாதிரி
பதினோரு வருஷம் உட்கார்ந்து வந்தது.

நின்றால்தான் வம்பு.
அரவேணுவில் இன்ஜின் அடங்கியதும்
மலை அடங்கும், மூட்டை அடங்கும்,
இது மட்டும் ஓடும்.
டீக்கடை சுல்பிகர் கேட்காமலே
அரை கிளாஸ் ஊற்றுவார்.
முழுக் காசு வாங்குவார்.

நடத்துநர் குடித்திருக்கிறார் என்று
யாரோ எழுதிப் போட்டார்கள்.
டெப்போவில் குழாயை நீட்டினார்கள். ஊதினேன். சைபர்.
மறுநாளும் ஊதினேன். சைபர்.
மிஷின் ரிப்பேர் என்று முடிவு கட்டினார்கள்.
நான் அவர்களிடம் சொல்லாதது ஒன்று:
மச்சினன் கல்யாணத்தில் அரை டம்ளர் பிராந்தி,
கை கல்லாக நின்றது.
அன்றைக்கு மொய் எழுதியது நான்தான்.
எழுத்து முத்து என்றார்கள்.

கோயம்புத்தூரில் டாக்டர் ஷெரின்
தாளை நீட்டி ஒரு சுருள் வரையச் சொன்னார்.
வரைந்தேன்.
இது என்ன என்றார்.
கோத்தகிரி ரோடு மேடம் என்றேன்.
சிரித்துவிட்டு,
இது நடுக்குவாதம் இல்லை, வெறும் நடுக்கம் என்றார்.
அந்த வெறும் என்பதை
மேட்டுப்பாளையம் வரை மென்றுகொண்டே வந்தேன்.

ஒரு மாத்திரை தூங்கவைத்தது.
ஒரு மாத்திரை ஏற்றத்தில் மூச்சு வாங்கவைத்தது.
மூன்றாவதாக ஒரு கத்தி.
பேர்தான் கத்தி; வெட்டு கிடையாது, தையல் கிடையாது.
மரக்கவைத்து, நான்கு திருகில்
தலையை ஒரு சட்டத்தில் பூட்டினார்கள்.
வலது கைக்கு இடது மூளையாம்.
முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்கும் கணக்கு.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கதிர்,
ஒவ்வொன்றும் ஒரு திசையிலிருந்து.
தனித்தனியாக ஒன்றும் செய்யாத சாதுக்கள்,
மண்டையைத் தொட்டதே தெரியாமல் உள்ளே வந்து
எல்லாரும் ஒரே இடத்தில் இறங்குகிறார்கள்.
ஒரு துவரம்பருப்பு அளவு நிறுத்தம்.
இறங்குகிற கூட்டத்தில் அந்த இடம் கருகும்.
ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன்.
என் சர்வீஸில் முதல்முறை
ஒருத்தரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.

எழுந்தேன்.
கை ஆடியது.
பழைய கை, பழைய ஆட்டம்.
பொறுங்கள், மாசக்கணக்கு ஆகும் என்றார் டாக்டர்,
ஆகாமலும் போகலாம் என்றார், அதையும்
நேராகப் பார்த்தே சொன்னார்.
ஊரில் நெற்றிப் பொட்டுகளைப் பார்த்து
குளவியா என்று கேட்டார்கள்.
ஆமாம் என்றேன்.
இவ்வளவு செலவா என்று கேட்டவர்களுக்கும்
ஆமாம்.

ஐப்பசி போனது. கார்த்திகை மழையில்
மாமரத்துக்கு மேலே மண் சரிந்தது.
தினமும் காலையில் சட்டைப் பொத்தானோடு ஒரு பரீட்சை.
மார்கழியில் ஒருநாள்
பொத்தான் போட்டு, தொப்பி வைத்து, டெப்போ வந்து சேர்ந்தபிறகுதான்
பரீட்சை எழுத மறந்தது நினைவுக்கு வந்தது.

தை, பனி விழுந்த விடியல்.
குஞ்சப்பணையில் ரோட்டின் குறுக்கே யானை, குட்டியோடு.
போஜன் இன்ஜினை அணைத்தார்.
ஐம்பது பேர் மூச்சை அடக்கினார்கள்.
எனக்குப் பயம் யானை இல்லை, அந்த நிசப்தம்.
பழக்கத்தில் கையைப் பார்த்தேன்.
பிளாஸ்க் மூடியில் பாதி டீ, அதில் மேல்விளக்கு,
உடையாமல் வட்டமாக.

கிணிகிணி என்று ஒரு சத்தம்.
எல்லாரும் திரும்பினார்கள்.
என் இடது கை, பையில், சில்லறைக்குள்.
அதற்கு இன்னும் வைத்தியம் இல்லை,
ஒரு பக்கம் முதலில், மற்றது பிறகு பார்க்கலாம் என்றார்கள்.
யானையும் காதை விரித்துக் கேட்டது.
முன்சீட்டுப் பெண்மணி மெதுவாக,
கண்டக்டர், சில்லறை இல்லை என்றீர்களே,
எனக்கு இரண்டு ரூபாய் வரணும் என்றார்.

இடது கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.
ஒரு காசு கீழே விழுந்து
பின்சீட்டு வரை உருண்டது.