இரண்டு விரல்

மார்ச் மாதம் மைதானத்தில் பனி அள்ளினோம்.
முதலில் மேடு, பிறகு என் இடம்,
நடுவே அறுபதடி ஆறங்குலத்துக்கு ஒற்றையடிப் பாதை.
மற்றதை வெயில் வந்து பார்த்துக்கொள்ளும் என்றான்
மெரிட் கொலாசா.
நெப்ராஸ்காவின் மேற்கு ஓரம்;
சர்க்கரைக் கிழங்கு ஆலையின் நாற்றம்
தொப்பிக்குள்ளும் படுத்திருக்கும் ஊர்.

அவன் வீசுவான். நான் வாங்குவேன்.
கல்லூரியில் உருப்படியாகச் செய்தது அதுதான்;
கணக்கியலில் இருவரும் இரண்டு முறை தோற்றோம்.
ஒரு விரல் காட்டினால் வேகம்,
இரண்டு காட்டினால் வளைவு.
பெரும்பாலும் நான் காட்டி முடிப்பதற்குள்
இல்லை என்று தலையசைத்திருப்பான்.
என் இடது ஆள்காட்டி விரல் இன்றும் மடங்காது.
அவன் போட்ட கையெழுத்து.

பதினெட்டாவது சுற்றில் அவன் பெயரைப் படித்தார்கள்.
டயர் கடையில் காருக்கு அடியில் கிடந்தான்,
போனை நான்தான் எடுத்தேன்.
என் பெயரும் வருமா என்று
கடை மூடும்வரை அங்கேயே நின்றேன்,
வேறு வேலை இருப்பதுபோல.

பிறகு அவனுக்குப் பஸ்.
மொன்டானா, ஐடஹோ, பெயர் மறந்த ஊர்கள்.
ஓர் அறையில் ஐந்து பேர்; காற்றுப்படுக்கை
விடியும்போது முதுகைத் தரையில் இறக்கிவிட்டிருக்கும்.
ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிடுவான்:
"விடும்போது முழங்கை தாழ்கிறதா?"
ஆயிரம் மைல் தள்ளி, பயிர்க்காப்பீட்டுத் தாள்களுக்கு நடுவே
கண்ணை மூடிப் பார்த்துச் சொல்வேன்:
தாழ்கிறது.

இருபத்து நான்கு வயதில் முழங்கைக்குள் அறுந்தது.
ஈர விறகு முறிகிற சத்தம்,
முதல் வரிசையில் பாப்கார்ன் தின்ற குழந்தைக்கும் கேட்டதாம்.
மணிக்கட்டிலிருந்து ஒரு நரம்பை உருவி
எலும்பில் துளையிட்டுக் கோத்தார்கள்.
பதினான்கு மாதம்.
ஈரத் துணியைச் சுவரில் எறிந்தான்.
டென்னிஸ் பந்தை எறிந்தான்.
யாரும் இல்லாத வலைக்கு எறிந்தான்.
அந்த மாதங்களில் அவன் கூப்பிடவில்லை.
நானும்தான்.

வீசுகிறவனுக்குத் தொழிலே கைவிடுவது.
தையலிலிருந்து விரல் நுனி எப்போது விலக வேண்டும்,
ஓர் இமைப்பு முந்தினால் ஆகாயம், பிந்தினால் மண்.
இது பிடிபட அவனுக்கு
இருபத்தொன்பது வயது ஆனது.

ஆகஸ்ட். மில்வாக்கி. டிக்கெட் அனுப்பியிருந்தான்.
ஏழாவது இன்னிங்ஸில் கதவு திறந்தது;
தலைகுனிந்து ஓடிவந்தான், பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.
முதுகில் அவன் பெயரின் ஓர் எழுத்து சாய்ந்திருந்தது,
யாரோ அவசரத்தில் தைத்தது.
அரங்கில் பாதிப்பேர் தின்பண்ட வரிசையில் இருந்தார்கள்.
என் இடத்தில் வேறொருவன் குந்தியிருந்தான்.
என் தொடைகளுக்கு நடுவே, நாற்காலியின் நிழலில்,
என் கை தானாக இரண்டு விரல் நீட்டியது.

வேகம் வந்தது.
மட்டை தொட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.
நான் பந்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன்.
அவனும் பந்தைப் பார்க்கவில்லை;
புதுப் பந்து கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.
அடுத்த மூவரையும் திருப்பி அனுப்பினான்.

அதற்குப் பிறகு நாற்பத்தோரு ஆட்டம், இரண்டு கோடை,
தோள்வலி, ஒரு கடிதம்.
பதிவேட்டில் இரண்டு வரி.

அன்றிரவு இரண்டு மணிக்கு ஒரு சாலையோர உணவகத்தில்
தோளில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு சூப் குடித்தான்.
"அந்தக் கேட்சர் என்ன கேட்டான்?"
"வளைவு."
"நானும் அதைத்தான் காட்டினேன்."
"எங்கிருந்து?"
"மேல் அடுக்கு, இருநூற்றுப் பதினாலாம் பகுதி."
சிரித்ததில் சூப் சட்டையெல்லாம் சிந்தியது.
"நீயே அங்கே குந்தியிருந்தாலும்
இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்" என்று
உப்புக் குப்பியை என் பக்கம் தள்ளினான்.
தள்ளவில்லை, வீசினான்.
வாங்கினேன்.
பாதி உப்பு மேசையில்.