துவாலையின் நிறம்

பத்தூமியில் ஜனவரி என்றால் மழை.
கருங்கடலோரச் சாலையில்
வாடகை சைக்கிள்களைச் சங்கிலியால் கட்டிவிட்டார்கள்.
கல்யாணம் கிடையாது, காதுகுத்து மாதிரி எங்களுக்கும் உள்ள
சின்னச் சின்ன விசேஷங்களும் கிடையாது.
பூஞ்சை பிடிக்காமலிருக்க
லென்ஸை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.
அந்த அரிசியில் இன்னும் கை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"பழைய ஆட்களுக்கு எழுதிப் பார்.
வாய்விட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?"
என்கிறாள் எத்தேரி, சாக்ஸைப் பிழிந்தபடி.

நோட்டில் நாற்பத்தோரு பெயர்கள்.
நலமா? வசந்தத்தில் எனக்குச் சில நாட்கள் காலியாக இருக்கின்றன.
சில நாட்கள் என்பது பொய்.

ஓட்டல்காரர் நுக்ஸார் எழுதுகிறார்:
இப்போதெல்லாம் மருமகனே போனில் எடுத்துவிடுகிறான்,
அவன் எடுத்தால் கட்டில் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ரொட்டிக்கடை லாமாரா.
படகு ரொட்டியின் நடுவே மஞ்சள்கரு உடையும் நொடிக்காக
அன்று பத்தொன்பது ரொட்டிகளைப் பாழாக்கினோம்.
அந்தப் படம் அதே சுவரில்தான் இருக்கிறதாம்.
கடைதான் மருந்துக்கடை ஆகிவிட்டது.

பெசிக் என் நலம் விசாரிப்பை
வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.
பத்தே நிமிடத்தில் என் வங்கிக் கணக்கில் எண்பது லரி,
நான்கு வருடத்துப் பாக்கி.
நான் மறந்தே போயிருந்தேன்.
நன்றி என்று எழுதுவதா, மன்னிக்கவும் என்றா
தெரியாமல் இரண்டையும் எழுதினேன்.

நாற்பது பேர் முடிந்தது.
ஒரு பெயரை மட்டும்
விரல் தாண்டித் தாண்டிப் போகிறது.

சியாலா. மகனின் ஞானஸ்நானம். ஆறு வருடம்.
இரண்டாவது மெமரி கார்டு அன்றிரவே செத்துப்போனது.
என்ன செய்தும் திறக்கவில்லை.
இருந்ததை வைத்து ஆல்பம் கட்டினேன்.
உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று
தேவாலயத்தின் தலையில் பழியைப் போட்டு
முழுப் பணமும் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு எழுதும்போது இரவு பதினொன்று.
காலி நாட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பதில் உடனே வந்தது. கோபம் இல்லை,
இருந்திருக்கலாம்:
"குறைகிறதென்றே எங்களுக்குத் தெரியாது.
என்னென்ன படங்கள்?"

ஆறு வருடம் அவள் வீட்டில் இல்லாத ஒரு பள்ளத்தை
நானே போய்த் தோண்டியிருக்கிறேன்.

என்னென்ன படங்கள்.

தண்ணீரிலிருந்து தூக்கியதும்
பையன் பாதிரியாரின் தாடியைப் பிடித்துக்கொண்டான்.
ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.
இது ஒன்று.

ஞானத்தாயின் கோட்டுக் கையில் மெழுகு சொட்டியது.
சத்தமில்லாமல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
உதடு தெளிவாக விழுந்திருந்தது,
அந்தப் படத்தை எப்படியும் உங்களுக்குத் தந்திருக்க மாட்டேன்.

உங்கள் கணவர், குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு.
இரண்டு, இல்லை, மூன்று படங்கள்.

அப்புறம் ஒன்று.
எடுத்தேனா, எடுக்க நினைத்தேனா, நிச்சயமில்லை.
எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்கிறார்கள்.
நீங்கள் கதவருகே தனியாக,
தோளில் ஈரமான மஞ்சள் துவாலை.
கொட்டாவி விடுகிறீர்கள்,
வாயை மறைக்கக்கூட இல்லை.
உங்களுக்குப் பின்னால் மழை.

எழுதி முடித்தபோது மணி இரண்டு.
மறுபடி படித்தால் அழித்துவிடுவேன் என்று
படிக்காமல் அனுப்பினேன்.

காலையில் ஒரே வரி:
"துவாலை மஞ்சள் இல்லை. நீலம்."

கண்ணை மூடிக்கொண்டேன்.
கதவு, மழை, கொட்டாவி
எல்லாம் நின்ற இடத்தில் நின்றன.
துவாலையை மட்டும் நீலமாக்கினேன்.