ஆறே முக்கால் குளம்

இன்றைக்கு மின்வெட்டு எங்கள் வட்டாரத்துக்கு.
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
என் பிரேம் கடை.
காற்றாடி நின்றதும்
அறுத்த தேக்கின் தூள்
அவசரமில்லாமல் கீழே வருகிறது.

சுவரில் சாய்ந்திருக்கிறது
திருமதி கொறையாவின் குளம்.
விகாரமகாதேவி பூங்காவில்
ஒன்பது ஞாயிறு நின்று கீறியது.
கரை இல்லை.
வானமும் இல்லை,
தண்ணீருக்குள் கிடக்கிற துண்டைத் தவிர.
கொக்கியை எந்தப் பக்கம் அடிப்பது?
மத்தியானம் முழுக்க யோசித்தேன்.
கையொப்பமும் வைக்கவில்லை மனுசி.

கடற்பக்க வெளிச்சம் வடிகிறது.
முதலில் போனது சிவப்பு.
பார்த்துக்கொண்டிருக்கவே
அல்லிகள் கறுத்துப்போயின.
மஞ்சள் எப்போது எழும்பிப் போனதென்று
கவனிக்கவில்லை.
பச்சை கொஞ்ச நேரம் இழுபறிப்பட்டது
இலையா நிழலா என்று.
நீலம் மட்டும் போகவில்லை,
இருட்ட இருட்ட முன்னால் வந்தது.
இடது மூலையில்
அழுக்கென்று நினைத்துத்
துடைக்கத் துணி எடுத்தேனே,
அந்த இடம் இப்போது ஆழம்.

பாணந்துறை ரயில்.
அடுக்கிவைத்த கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து
யன்னல் யன்னலாய் வெளிச்சம்
குளத்தின் மேல் ஓடியது.
ஒவ்வொரு யன்னலுக்கும் ஒருதரம்
சிவப்பு வந்து,
வந்து,
போனது.

"தம்பி, முடிஞ்சுதோ?"
கைபேசி டோர்ச்சோடு உள்ளே வந்தார்.
ஒரு சாண் தூரத்தில் பிடித்தார்.
குளம் இல்லை.
மேடும் பள்ளமுமாய்ச் சாயம்,
கத்தியால் வழித்த தடம்,
ஒட்டிக் காய்ந்த தூரிகை மயிர் ஒன்று.
"சேறு" என்றார்.
"இதுக்கோ ஒன்பது ஞாயிறு?"

சமாதானம் சொல்ல எனக்கு வராது.
"டோர்ச்சை நூருங்கோ" என்றேன்.

கண் பழக நேரமெடுத்தது.
எதிர்க் கடையில் ஜெனரேட்டர்
இருமி இருமிக் கிளம்பாமல் நின்றது.
சுவர்ப் பக்கம் மெல்ல,
முதலில் மூலை,
பிறகு முழுத் தண்ணீரும்.

"கடைசி ஞாயிறு" என்றார் வெகுநேரம் கழித்து.
"மழை வரப்போகுதெண்டு
அவசரத்திலை அப்பினது அந்த நீலம்.
வீட்டை போய் அழிப்பமெண்டு இருந்தனான்."

கரண்ட் வர முதல் கொண்டுபோக வேண்டுமாம்.
கடதாசி சுற்றவும் விடவில்லை.
காலி வீதியைக் கடக்கையில்
பஸ் வெளிச்சம் முகத்தில் அடிக்க,
குளத்தை மறுகைக்கு மாற்றித்
தலைகீழாய்ப் பிடித்தார்.
அல்லது நேராய்.

கொக்கி
என் சட்டைப் பையிலேயே கிடந்தது.