முன் இடது

நவம்பர் கடைசியில் ஆல்தா ஊரில்
சூரியன் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.
எனக்கு விடுப்பு இல்லை.
குளிர் இறுகினால்தான் எங்களுக்கு வேலை:
உறைந்த பேட்டரி, ஒட்டிக்கொண்ட பிரேக்,
சாலை உப்பு தின்ற சைலன்ஸர்.

நார்வே மொழியை நான்
வண்டிக்கு அடியில் மல்லாந்து கற்றேன்.
துருவுக்கு மட்டும் என்னிடம் நாலு சொல் உண்டு.
துடைத்தால் போகிற துரு,
விரல் நுழைகிற துரு,
அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிற துரு,
வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுச்
சொல்லவேண்டிய துரு.
வருத்தத்துக்கு இங்கே என்ன சொல்
என்று மூன்று வருஷம் தெரியாது.
எந்த வண்டியிலும் அந்தப் பாகம் இல்லை.

முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
எங்கே, எப்போது என்று கேட்டார் டாக்டரம்மா.
"முன் இடது.
திரும்பும்போது சத்தம்.
நேராக ஓடினால் தொந்தரவில்லை.
காலையில் மோசம், சூடானதும் அடங்கும்."

சிரிக்கவில்லை.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு
பேனாவை மூடியபின் கேட்டார்:
"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?"

அஸ்மராவிலிருந்து எல்லை வரை நடை.
கார்ட்டூம் வரை லாரி.
பிறகு மணல், பிறகு ஒரு படகு.
மீட்டரில் ஏறாத தூரம்
கொஞ்சம் இருக்கிறது என்றேன்.
அதை மட்டும் அவர் எழுதவில்லை.

ஜனவரியில் அவரே வந்தார், கிழட்டு வால்வோவில்.
சின்னோவெ என்பது பெயர்,
சாவியில் கட்டிய சீட்டில் இருந்தது.
"காலையில் இருமுகிறது.
மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.
நேற்று ராத்திரி பாலத்தின் மேல்
ஒரு முனகல்."

முதலாளி ஊத்வார் என்னைப் பார்த்தான்.
நான் பானெட்டைத் திறந்தேன்.
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றிப்
பிடியைக் காதோடு வைத்து
கண்ணை மூடிக்கொண்டேன்.
இருமலுக்கு க்ளோ பிளக்.
மூச்சுக்கு டர்போ குழாய், வெடிப்பு விட்டிருந்தது.
முனகுவது ஆல்டர்னேட்டர் பேரிங்.

"பயப்படாதீர்கள், அவளுக்கு ஆயுசு இருக்கிறது" என்றேன்.
"அவளுக்கு இல்லை, அதற்கு"
ஊத்வார் திருத்தினான்.
இலக்கணத்தில் அவன் கறார்,
ஸ்பானர்களை மட்டும் எங்கேயாவது போட்டுவிடுவான்.

வெளியே மலை விளிம்பில்
ஆரஞ்சுத் தோல் அளவுக்கு வெயில்.
யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்,
பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எடுக்கத் திரும்பினேன்.
கால் சொடுக்கிட்டது.

வாசல்வரை போயிருந்தவர்
தலையைச் சாய்த்துக் கேட்டார்:
"இன்னுமா?
முன் இடது?"