அமாய்

மூன்று வருடமாக எங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியும்.
முப்பது சொல் இருக்கும். முப்பதும் சுவரில்.
முடா என்றால் வீண்.
ஸ்ரீசிட்டிக்கு வேலைக்கு வந்த புதிதில்
மூடா என்று யாரையோ திட்டுகிறார்கள் என்றே
தலை குனிந்து வயர் கட்டினோம்.
கைசென் என்றால் இன்னும் சரியாகச் செய்.
ஒன்றுகூட வாய்க்குள் போகிற சொல் இல்லை.

ஊருக்குப் போய்வந்த ஷியோரி சான்
இரண்டாம் ஷிப்டின் டீ நேரத்தில்
கேன்டீன் மேசையில் ஒரு பெட்டியைத் திறந்தாள்.
பன்னிரண்டு குழி,
குழிக்கொன்றாய் மாவு பூசிய வெள்ளை உருண்டை.
நாங்கள் பதினேழு பேர்.
கத்திக்கு அனுமதி கிடையாது.
சிட்டெம்மா லாக்கருக்கு ஓடி
கனகாம்பரச் சரத்திலிருந்து நூலை உருவிவந்து
நடுவில் வளைத்து இழுத்தாள்.
உள்ளே கருஞ்சிவப்பாய்ப் பயறு.
"பூர்ணம்!" என்றாள்,
ஜப்பான் தன் மாமியார் ஊர் என்பதுபோல.

கொழுக்கட்டை என்று சொல்ல நானும் வாயெடுத்தேன்.
இல்லை. கொழுக்கட்டை விட்டுவிடும்.
இது அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு
நாக்கு போன இடமெல்லாம் கூடவே வந்தது.
மோச்சி, என்றாள்.
மோச்சி, என்றோம், மாவு பறக்க.
உள்ளிருப்பது அங்கோ.
"அங்கோவா, இங்கோவா?" என்று கேட்ட பரிமளத்துக்குப்
புரையேறியது.
தின்னுமுன் சொல்ல ஒரு சொல் உண்டாம்.
தின்று முடித்துச் சொன்னோம்.

இனிக்கிறது என்பதற்கு?
"அமாய்."
"திய்யகா உந்தி" என்றாள் சிட்டெம்மா.
செக்போஸ்ட் தாண்டி வந்த முதல் வாரம்
அதைக் கேட்டு, பால் தீய்ந்துவிட்டதென்று
டீயைக் கொட்டியவள் நான்.
மணி அடிக்கும்வரை
மூன்று சொல்லையும் ஒரே வாயில் மென்றோம்.

மறுநாள் தணிக்கை.
நான் பாஸ் போட்ட கட்டு ஒன்று
சிவப்பு அட்டையோடு திரும்பி வந்தது.
"கென்சா கா அமாய்" என்றாள் ஷியோரி.
சோதனை இனிக்கிறதாம்.
பாராட்டு என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
கனெக்டரை இரண்டு விரலால் இழுத்தாள்.
கழன்று வந்தது.

ஒரே சொல்தானாம்.
நாக்குக்கு இனிப்பு.
பிடி தளர்ந்தால், கண் அசந்தால்
அதற்கும் இனிப்பு.
ஆரம்பாக்கம் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
யோசித்துக்கொண்டே வந்தேன்.
செல்லத்துக்குப் பக்கத்தில் வெல்லத்தை வைத்தது
நாமும்தானே.
வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் லைனில்
லூஸ் என்று யாரும் சொல்வதில்லை.
'டிக்' கேட்காத கனெக்டர் கைக்கு வந்தால்
பரிமளம் எதிர் மேசைக்குக் கத்துகிறாள்:
"ஏய், இது இனிக்குதுடி."
இ-னிக்-கு-து என்று
ஷியோரி சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.
எதிரே என்ன பொருள் போட்டாள் என்று
எட்டிப் பார்த்தேன், எழுத்து பிடிபடவில்லை.

சிட்டெம்மா தலை நிமிராமல் சொல்கிறாள்:
"திய்யகா உன்டே, தினு."