இடக்கை, நேர்ப்பார்வை

ஜாலான் பகாங்கில் மழை.
எக்ஸ்ரே அறைக்கு மழை தெரியாது,
ஈயம் வைத்த சுவர்.
சார்ஜன் பரஞ்சோதியின் சப்பாத்துதான்
சொட்டுச் சொட்டாக வந்து சொன்னது.

பையன் பெயர் கவினேஷ்.
தகப்பன் பெயர்: கோடு.
பிறந்த தேதி: கோடு.
ஐசி எண் கேட்டுக் கணினி முரண்டு பிடித்தது.
பன்னிரண்டு கட்டமும் நிறையாமல்
அது யாரையும் உள்ளே விடாது.
பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக அடித்தேன்.

செந்தூலில் செம்புக் கம்பி அறுத்தானாம்.
பதினெட்டு ஆகிவிட்டதென்றால் ஒரு வாசல்,
ஆகவில்லையென்றால் வேறு வாசல்.
அம்மா இவனைப் பதியவில்லை.
அம்மாவையும் யாரும் பதியவில்லை.
"எலும்பப் பாத்தா தெரிஞ்சிடுமாமே" என்றார் சார்ஜன்,
மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர் குரலில்.

கையை வை. விரலை விரி.
மூச்சுப் பிடிக்க வேண்டாம், அது நெஞ்சுப் படத்துக்கு.
அவன் பிடித்துக்கொண்டே இருந்தான்.

திரையில் கை வந்தது.
சதை வெறும் புகை. அதற்குள் எலும்புகள்
ஒன்றையொன்று தொடாமல்
சொந்தக்காரர்கள் மாதிரி கிட்டத்தில் நின்றன.
மணிக்கட்டில் எட்டு.
ஒன்றுக்குப் படகு என்று பெயர், ஒன்றுக்குப் பிறை,
ஒன்று பட்டாணி.
கட்டைவிரல் அடியில் ஓர் எள்.
பெயர் வைத்தவன் அந்தி நேரத்தில்
பசியோடு கடற்கரையில் இருந்திருக்க வேண்டும்.

சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு பழைய முறிவு,
கோணலாகக் கூடியிருந்தது.
கட்டுப் போட்டது யார் என்றேன்.
"யாரும் போடல. அதுவே கூடிடுச்சு."
எலும்பு அப்படித்தான். ஒருவரும் வராவிட்டால்
தானே எழுந்து
தெரிந்த மட்டும் வேலை பார்க்கும்.

ஆரை எலும்பின் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு,
நகக் கீறல் போல.
உடம்பு வளர்வதை நிறுத்திவைத்த நாட்கள் என்பார்கள்.
காய்ச்சலாக இருக்கலாம்.
சோறாக இருக்கலாம்.
பதிவிலாகாவில் இல்லாத மூன்று பதிவு,
ஆண்டு மட்டும் போடவில்லை.

அப்புறம் நுனி.
தண்டுக்கும் அதன் தொப்பிக்கும் நடுவே
மயிரிழையாக ஒரு கறுப்பு.
அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.
குருத்தெலும்பு.
எக்ஸ்ரேவுக்குக் குருத்து தெரியாது,
முற்றியது மட்டும்தான் அதன் கண்ணில் படும்.
வாழை என்றால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்
சுருள் இன்னும் விரியவில்லை என்று.

ஆனால் கறுப்பு பாதி தூரம்தான் ஓடியது.
மீதி மூடிவிட்டதா, மூடிக்கொண்டிருக்கிறதா.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புத்தகம் உண்டு,
பக்கத்துக்கு ஒரு கை, வயது வாரியாக.
ஏதோ குளிர்நாட்டுப் பிள்ளைகள், எப்போதோ.
எல்லாம் நேரத்துக்குப் பால் குடித்த கைகள்.
இரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று
அடிக்குறிப்பு சொல்கிறது.
அந்த இரண்டு வருடம்தான் வழக்கே.

அறிக்கை எழுதுவது டாக்டர் ஹுய் மின்.
நான் படம் எடுப்பவள்.
வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால்
அந்த இழை இன்னும் துலங்கும்.
குறைத்தேன். அது பொய்யில்லை.
கூட்டியிருந்தாலும் பொய்யில்லை.

"அக்கா, எனக்கு என்ன வயசு?"
கதவுக்கு அந்தப் பக்கம் சார்ஜன்
யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.
"நீ என்னன்னு நெனைக்கிற?"
"பதினாறுன்னு சொல்லிட்டு வரேன்.
ரெண்டு மூணு வருசமா."

அவர்கள் போன பிறகும்
தட்டின் மேல் அவன் கை இருந்தது.
வியர்வையில் ஐந்து விரல்,
எலும்பே இல்லாமல்.
ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது.
துடைக்க வேண்டும், விதி அது.
ஸ்பிரிட் பஞ்சைப் பிடித்தபடி
உள்ளங்கை போகும்வரை நின்றேன்.

அடுத்தவர்: வயது எழுபத்தொன்று, இடுப்பு,
சக்கர நாற்காலி.
கதவைத் தட்டுகிறார்கள்.