பதம்

டர்பனில் இன்று காலை கார் கண்ணாடி முழுக்கக்
கரும்புச் சாம்பல்.
வடக்கே டொங்காட்டில் யாரோ தோட்டம் கொளுத்தியிருக்கிறார்கள்.
வெட்டுவதற்கு முன் எரிப்பது இங்கே வழக்கம்.
துடைப்பான் ஒருமுறை போய்வந்தது,
சாம்பல் கோடுகளானது.
அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பத்து மணிக்கு மின்சாரம் போகும், அட்டவணையில் இருக்கிறது.
எட்டு இருபதுக்கு உறைபெட்டியைத் திறந்தோம்.
நொம்செபோ கத்தியை இறக்கினாள்:
எட்டு மைக்ரான் தடிமன், நான்கு சீவல்கள்.
பட்டாணியளவு நுரையீரல்,
மைனஸ் எண்பதில் இரண்டு வருடம் கிடந்தது.
பெயர் இல்லை. எண் 0417. ஆண், நாற்பத்தொன்று. காசநோய்.
அறுவையில் எடுத்தது.
பிழைத்தாரா என்று நிரப்பப் படிவத்தில் ஒரு கட்டமில்லை.

ஊதாச் சாயம். ஆல்கஹாலில் மூன்று முங்கல்.
இனி யாரும் பேசக்கூடாது.
எங்கள் எச்சிலில், விரல் நுனியில் இருக்கும் ஒரு நொதி
நாங்கள் தேடி வந்ததையே தின்றுவிடும்.
சீவலுக்கு இருபது நிமிடம்.

போன வருடம் வரை மொத்தமாக அரைத்தோம்.
விழுதைப் படித்துவிட்டு
நுரையீரல் இப்படிச் சொல்கிறது என்று எழுதினோம்.
நுரையீரல் ஒன்றும் சொல்லவில்லை.
சந்தை இரைச்சலின் சராசரிக்கு
நாங்கள்தான் பெயர் வைத்திருந்தோம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இந்தப் பானையில் அது பொய்.
இதோ, கிருமியை விழுங்கிவிட்டு விழிக்கிற செல்.
சுவரோடு சுவராக இன்னொன்று,
தெருவில் எதுவும் நடக்காதது போல.
ஒன்று குழைந்துவிட்டது,
ஒன்று இன்னும் அரிசி.

திரையில் பேனா முனையால் அதைச் சுற்றி வரைகிறேன்,
பச்சைக் கோடு, அயலானைத் தொடாமல்.
கீழே உம்பிலோ சாலையில் லாரி போனால்
மேசை அடங்கும்வரை காத்திருக்கிறேன்.

லேசர் சுடுகிறது, சத்தமே இல்லாமல்.
இங்கே எரிப்பதும் வெட்டுவதும் ஒரே வேலை.
பிறகு நடுவில் ஒரு துடிப்பு.
செல் விழவில்லை,
எழும்புகிறது!
மேலே தலைகீழாகத் தொங்கும் மூடியின் பசையில்
போய் ஒட்டிக்கொள்கிறது.
எத்தனையோ ஆயிரம் பார்த்தாயிற்று,
இன்னமும் கழுத்தை நிமிர்த்தி
கூரையைப் பார்த்துவிடுகிறேன்.

உறைந்த நொடியில் அது எழுதிக்கொண்டிருந்தது
உள்ளே அப்படியே இருக்கிறது, பாதி வாக்கியத்தில்.
பதம் என்றால் சொல்லும்தான்.
உதவிக்கு ஆள் கூப்பிட்டதா,
சரணடைந்ததா,
இல்லை, வெறுமனே வீடு பெருக்கிக்கொண்டிருந்ததா?

நூற்றெண்பத்தேழில் நொம்செபோவுக்குத் தும்மல் முட்டியது.
முகக்கவசத்தை அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.
திரும்பி வந்து கட்டைவிரலை உயர்த்தினாள்.

ஐந்நூறு வேண்டியிருந்தது.
ஒன்பது ஐம்பத்திரண்டுக்கே, அட்டவணையை மதிக்காமல்,
மின்சாரம் போனது. முந்நூற்றுப் பன்னிரண்டு.
திரை அணையும் முன் மீதித் திசுவைப் பார்த்தேன்:
எடுத்தவற்றின் வடிவிலேயே ஓட்டைகள்,
வழியெல்லாம் வெள்ளை வெளிச்சம்.

மூடியை அழுத்தி, கரைசல் விட்டு, பனிக்கட்டியில் புதைத்தேன்.
யார் பார்த்தாலும் காலிக் குழாய்.

லிஃப்ட் ஓடவில்லை.
பனிப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நான்கு மாடி இறங்கி,
எதிர்க்கட்டடத்தில் மூன்று மாடி ஏற வேண்டும்.
இரண்டாவதில் அவள் நின்றாள், மூச்சு வாங்க.
"அந்த ஆளுக்கும் இப்படித்தான் இருக்கும், இல்லையா?" என்றாள்.
"ஒன்றரை நுரையீரலோடு
எங்கேயோ ஒரு படிக்கட்டில்."

இருந்தால், என்று சொல்ல வாயெடுத்தேன்.
பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.